சேம அச்சு

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய மோட்டார் வண்டி ஒன்றை என் நண்பர் வாங்கியிருக்கிறார். குடும்பத்தோடு ராமேசுவரத்துக்குப் புறப்பட்டவர், திருச்சுழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார். அருப்புக்கோட்டையைத் தாண்டியதும், "ஸ்டியரிங் என்னவோ காற்றில் பிடித்த மாதிரி இருக்கிறதே, ஸார்!" என்றார். இறங்கிப் பார்த்தோம். தொட்டி, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பெட்டி படுக்கை அத்தனையும் பின் சக்கரங்களுக்கும் அப்பால், வண்டியின் வாலில் இருந்தன.

"பின்பாரம்" என்றேன் என்னையறியாமல். அந்தச் சொல்லை என் தாத்தா வாயிலிருந்து கேட்டு முப்பத்தைந்து வருஷங்கள் இருக்கும்.

தாத்தாவிடம் பருத்தி ஏற்றும் வண்டி இருந்தது. இரட்டை மாட்டு வண்டிக்கு அச்சு ஒன்றுதான். அதற்கு முன்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் மிகுந்தால் நுகம் மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே மூட்டைகளை ஏற்றியதும், மாடு பூட்டுவதற்கு முன் தாத்தா நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். அவருக்கு வேறு எடைமேடை கிடையாது. சற்றே முன்பாரம் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. மேடேறும்போது எங்களை முன்னால் நகரச் சொல்வார், இறக்கத்தில் பின்னால்.

ஒரு தடவை குண்டாற்றின் கரையேறுகையில், தூங்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு வால்பக்கமே கிடந்தோம், நானும் என் சித்தப்பா பிள்ளைகள் மூவரும். நுகம் எழும்பியது. வலத்து மாடு நாக்கைத் தள்ளிவிட்டது. தாத்தா ஓடிவந்து ஏர்க்காலில் தொங்கியிராவிட்டால் அது அங்கேயே முடிந்திருக்கும். அவர் எங்களை அடிக்கவில்லை. ஆனால் அந்தக் காளை அதன்பின் வெகுநாள்வரை நுகத்தைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்கு அடியே வாங்கியிருக்கலாம்.

வீட்டோடு வண்டியில் போகிற வழக்கம் நமக்குப் புதிதல்ல. சங்ககாலத்து உப்பு வணிகரான உமணர் அப்படித்தான் போனார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டியை ஒரு சரக்குப் பட்டியலைப்போல் வருணிக்கிறார்: கோழிக் கூடு, தொங்கவிட்ட சிற்றுரல், கயிற்றால் கட்டிய காடிப் பானை. பிள்ளையோடு இருக்கும் பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் வரிசையாகச் செல்லும் வண்டிகளின் பக்கத்தில் காவலாக வருகிறார்கள். காவலுக்கு என்பது சரி. உப்பு ஏற்றிய வண்டியில் நான்கு ஆண்களின் கனமும் குறைந்ததே என்று எருதுகள் நினைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டு இதைவிட நுட்பமானது. எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ சரக்கு அதிகம். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, என்ன நேருமோ என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதுதான் சேம அச்சு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஓர் இளவரசனைப் புகழ வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த புலவரை என்னவென்று சொல்வது!

அச்சு முறிந்தால் நஷ்டம் சரக்கு மட்டுமல்ல. நடுக்காட்டில் நிற்பது வீடு.

இந்தக் கரிசல் சீமையின் வண்டிக்காரர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. மழை பெய்தால் மண் சக்கரத்தில் அப்பி, ஏற்றாத பாரமும் ஏறிக்கொள்ளும். இருட்டினால் கள்ளர் பயம். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் சுவரும் கிணறும் உள்ள பேட்டைகளைக் கட்டி, வண்டிகளை இரவில் உள்ளே நிறுத்தினார்கள். சரக்கின்மேல் வசூலித்த மகமை பொதுக்காரியங்களுக்குப் போயிற்று. 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது அது விருதுபட்டி வழியாகப் போய்விட்டது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1960-களில்தான்.

பாரம் என்பது அந்நாளில் ஓர் அளவும்கூட. 20 மணங்கு ஒரு பாரம். 500 ராத்தல், இன்றைய கணக்கில் சுமார் 227 கிலோ. மெட்ரிக் எடைகள் 1958-ல் வரத் தொடங்கி வெகுகாலம் ஆனபின்னும் தாத்தா பாரத்தை விடவில்லை.

நண்பரை அருப்புக்கோட்டைக்கே திருப்பி, ஓர் எடைமேடைக்கு அழைத்துப்போனேன். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை நிறுத்தார்கள். முன்னால் போதிய கனமில்லை. பின் அச்சுக்கு அப்பால் வைத்த பாரம் அந்த அச்சை அழுத்துவதோடு முன் அச்சைத் தூக்கவும் செய்கிறது என்று விளக்கினேன். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ என்பது அவருக்குத் தோன்றவே இல்லையாம். தொட்டியைப் பாதி வடித்தோம். கனமானவற்றைத் தரையோடு தரையாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே கொண்டுவந்து கட்டினோம். மறுபடி நிறுத்தபோது முன்பக்கம் தேறியிருந்தது.

"ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்டேன்.

நண்பர் மனைவியைப் பார்த்தார். அவள் அரிசி மூட்டையைப் பார்த்தாள்.

"இடம் போதவில்லை என்று வீட்டிலேயே வைத்துவிட்டோம், அண்ணா" என்றாள்.