வென்றவன் வெட்டிய செப்பேடு

பரமத்தி வேலூரின் காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் செழித்திருக்கக் காண்கிறோம். அக்கரையில் புகளூர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைகளில் குருதி ஓடியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தகடூர் அதியர், பேரரசர் அல்லர், சிறுநாட்டுத் தலைவர். சங்க காலத்திலேயே தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். வீழ்ந்த மரபு வேரற்றுப் போகவில்லை. 8ஆம் நூற்றாண்டில் நாமக்கல் பாறையைக் குடைந்து, ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று தன் பெயரைப் பொறிக்கும் அளவுக்குத் தழைத்தது.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் படையெடுத்தான். காவிரியின் வடகரையில் ஆயிரவேலி அயிரூரிலும் புகழியூரிலும் அதியன் தோற்றான். புகழியூரே இன்றைய புகளூர் என்பர் ஆய்வாளர். துணைக்கு வந்த பல்லவனும் சேரனும் துரத்தப்பட்டனர். கொங்கர் கோன் களிறுகளோடு பிடிபட்டு மதுரையிலே சிறை வைக்கப்பட்டான். கொங்கு மண் பாண்டியன் உடைமையாயிற்று.

இதனை நமக்குச் சொல்வது எது? தோற்றவன் ஏடன்று, வென்றவன் தன் 17ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய சீவரமங்கலச் செப்பேடு! அது எதற்காக எழுந்தது? களத்தில் மாண்ட வீரனின் மனைவி மக்களுக்கு மானியம் தரவா? இல்லை. மகத நாட்டு வழிவந்த சுஜ்ஜட பட்டருக்கு வேலங்குடி என்னும் ஊரைத் தானமாக்க! அந்த ஊரும் தன் பெயரை இழந்து சீவரமங்கலமாயிற்று. வாளேந்தியவன் தமிழன், வாளுக்கு இரையானவன் தமிழன். விளைநிலம் பெற்றவரோ வேதம் ஓதியவர்!

பாண்டியன் பிடி தளர்ந்தபின் சோழன் வந்தான். கொங்குக்கு அதிராசராச மண்டலம் என்றும் வீரசோழ மண்டலம் என்றும் பெயர் சூட்டினான். ஆளவந்தவர் மாறினர், மண்ணின் பெயர் மாறியது. ஏர் பிடித்த கை மட்டும் மாறவில்லை. அந்தக் கைக்குரியவன் பெயரையோ எந்தப் புகழுரையும் பாடவில்லை.

மூவேந்தர் பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவதில் பிழையில்லை. ஆனால், அந்தப் பெருமைக்கு விலை கொடுத்த சிறுநாடுகளை மறந்துவிட்டு முழங்குவது வரலாறு ஆகாது. அரண்மனைப் புகழுரையின் எதிரொலியே ஆகும். வென்றவன் சொல்லை அப்படியே ஏற்பது பகுத்தறிவும் அன்று.

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் குன்றின் குகையிலும் எழுத்துகள் உறங்குகின்றன. படித்துப் பாருங்கள். கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்று அவை சொல்லும். இழந்தவன் யார் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.