பொன்மலை எஞ்சின்களும் எண்ணெயும்

திருச்சிராப்பள்ளியின் பொன்மலை ரயில்வே பணிமனையில் எஞ்சின்களுக்கு மசகு எண்ணெய் இட்ட வரலாறு நாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1862-இல் ரயில் பாதை வந்து சேர்ந்தது. 1874-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. அதன் பணிமனை நாகையில் இயங்கி, 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது.

நாகைப் பணிமனையின் தொடக்கக் காலத்தில் இந்திய ரயில்கள் ஆமணக்கெண்ணெயைப் பெரிதும் நம்பியிருந்தன. அது கெட்டியானது. உலோகத்தில் நன்றாக ஒட்டும், வெயிலில் எளிதில் நீர்த்து ஓடாது. உள்நாட்டிலேயே வேண்டிய அளவு விளைந்தது. ஆனால் நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகி, எண்ணெய் போகும் வழிகளை அடைத்துவிடும். சிலிண்டர்களுக்கு இட்ட விலங்குக் கொழுப்பு இதைவிடக் கேடு செய்தது. நீராவியின் சூட்டில் கொழுப்பு சிதைந்து அமிலமாகி, தான் காக்க வேண்டிய இரும்பையே அரித்தது. பெட்ரோலியத்திலிருந்து வடித்த எண்ணெய்க்கு இந்த இரண்டு குறைகளும் இல்லை. அமெரிக்காவில் 1859-இல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டதையும், 1886-இல் பர்மா ஆயில் கம்பெனி தோன்றியதையும், 1901-இல் அசாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியதையும் அடுத்துக் கனிம எண்ணெய் எளிதில் கிடைக்கலாயிற்று. பொன்மலைப் பணிமனை எழுந்தபோது ரயில் உலகில் கனிம எண்ணெயின் ஆட்சிதான். கொழுப்பு மட்டும் முழுமையாக விலகவில்லை. ஈர நீராவி வெறும் கனிம எண்ணெயைச் சிலிண்டர் சுவரிலிருந்து கழுவிக் கொண்டுபோய்விடும். சிறிதளவு கொழுப்பு கலந்தால் எண்ணெய் ஈரத்திலும் பற்றி நிற்கும் என்பதால் அந்தக் கலவை நீடித்தது.

நீராவி எஞ்சினுக்கு எண்ணெயை மாற்றுவது என்ற பேச்சே இல்லை. இட்ட எண்ணெய் ஒருமுறை வேலை செய்துவிட்டுத் தண்டவாளத்தில் சொட்டிப் போகும், அல்லது புகைபோக்கி வழியே நீராவியோடு வெளியேறும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஆயில் கேனோடு எஞ்சினைச் சுற்றி வந்து, ஒவ்வொரு எண்ணெய்க் கிண்ணத்தையும் நிரப்ப வேண்டும். எஞ்சினின் ஆயுள் எண்ணெய் இடுபவரின் கைகளில் இருந்தது. பெட்டிகளிலும் வேகன்களிலும் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய காட்டன் வேஸ்ட்டைத் திணித்திருப்பார்கள். அது உலர்ந்தாலும், தூசி படிந்து இறுகினாலும், விலகினாலும் அச்சுக்கு எண்ணெய் எட்டாது. பேரிங்கில் பூசிய வெள்ளை உலோகம் உருகும், புகை கிளம்பும். ‘ஹாட் ஆக்சில்’ என்று ரயில்வேக்காரர்கள் அஞ்சியது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் அச்சே முறியும். நிலையத்தைக் கடந்து போகும் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஊழியர்கள் நின்று பார்க்கும் வழக்கத்துக்கு இந்த ஆபத்து ஒரு முக்கியக் காரணம். ரோலர் பேரிங் பரவிய பிறகு கிரீஸ் உள்ளேயே அடைபட்டது. அந்த அச்சமும் பெருமளவு தணிந்தது.

இட்ட எண்ணெய் ஒருமுறையோடு சொட்டிப் போகும் நீராவி முறையை டீசல் எஞ்சின் தலைகீழாக்கியது. வாரணாசியில் 1961-இல் நிறுவப்பட்ட டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் 1964-இல் தன் முதல் எஞ்சினை வெளியிட்டது. அமெரிக்க ஆல்கோ வடிவமைப்பைக் கொண்ட எஞ்சின்கள் தெற்கின் மீட்டர் கேஜ் பாதைகளிலும் ஓடின. பொன்மலை அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனையாக வளர்ந்தது. இந்த எஞ்சினில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் மூடிய சுற்றில் ஓயாமல் ஓடுகிறது. கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் சுமந்தபடியே ஓடுவதால், எப்போது மாற்றுவது என்ற கேள்வி முதன்முதலாக எழுந்தது. சீக்கிரம் மாற்றினால் நல்ல எண்ணெய் வீண். தாமதித்தால் எஞ்சின் வீண்.

விடை சோதனைக்கூடத்தில் கிடைத்தது. டீசல் ஷெட்டுகளில் எண்ணெயின் மாதிரியை முறையாக எடுத்துச் சோதிக்கும் பழக்கம் வேரூன்றியது. ஒற்றுத்தாளில் விடும் ஒரு துளி பரவும் விதம், கரியைச் சுமக்கும் திறன் எஞ்சியிருக்கிறதா என்று காட்டும். சூடான தட்டில் விட்ட துளி சடசடத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெய் நீர்த்து, எளிதில் தீப்பற்றும் நிலைக்கு வந்தால் டீசல் கசிகிறது. நிறமாலைக் கருவி இன்னும் ஆழமாகப் பார்க்கும். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது. குரோமியம் கூடினால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும். சிலிக்கான் தென்பட்டால் காற்று வடிகட்டியைத் தாண்டி மண் தூசி நுழைகிறது. சோடியம் ஏறினால் குளிர்விக்கும் நீர் கசிகிறது. எஞ்சினைப் பிரிக்காமலேயே அதன் நோயை அறிய முடிந்தது. பொன்மலை கண்ட எண்ணெய்த் தலைமுறைகளில் ஆகப் பெரிய முன்னேற்றம் இதுவே. புதிய எண்ணெய் தந்த லாபத்தைவிடப் பழைய எண்ணெயைச் சோதித்து அறிந்ததில் கிடைத்த லாபம் அதிகம்.

எந்த எண்ணெய் என்ற தேர்வும் நுட்பமானது. இந்திய டீசலில் ஒரு காலத்தில் 1 சதவீதம் வரை கந்தகம் இருந்தது. எரியும்போது அது அமிலமாகும் என்பதால், அதை முறிக்கும் காரத்தன்மை எண்ணெயில் மிகுதியாகத் தேவைப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் சாலை வாகன டீசலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால் அந்த டீசலுக்கு அத்தனை காரத்தன்மை தேவையில்லை. எஞ்சினின் உலோகமும் தேர்வை மாற்றும். பல எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் சேர்ப்பார்கள். ஆனால் ஆல்கோவுக்குப் பின் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க இ.எம்.டி. எஞ்சின்களின் சில பேரிங்குகளில் வெள்ளிப் பூச்சு உண்டு. துத்தநாகச் சேர்மம் வெள்ளியைத் தாக்கும் என்பதால் அவற்றுக்குத் துத்தநாகம் இல்லாத எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். உயர்ந்த ரகம் என்று நம்பி வேறொன்றை ஊற்றினால் எஞ்சின் கெடும். காரும் லாரியும் வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும்: விலையைவிட எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த தரமே முதலில் பார்க்க வேண்டியது.

நீராவிக் காலம் பொன்மலையில் முடிந்துவிடவில்லை. நீலகிரி மலை ரயிலுக்காக 2010-க்குப் பிறகும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை இந்தப் பணிமனை புதிதாகக் கட்டியிருக்கிறது. இந்த வகையில் உயரழுத்தச் சிலிண்டர்கள் இரண்டும் தாழ்வழுத்தச் சிலிண்டர்கள் இரண்டும் உண்டு. முதல் ஜோடியில் விரிந்து குளிர்ந்த நீராவி, பற்சக்கரங்களைச் சுழற்றும் இரண்டாவது ஜோடிக்குச் செல்லும்போது மேலும் ஈரமாகிறது. டீசல் எஞ்சினின் எண்ணெய் இங்கே பயன்படாது. நீராவிக்கென்று தயாரித்த கெட்டியான சிலிண்டர் எண்ணெய்தான் இவற்றுக்கு வேண்டும்.