பதவிக்கால வரம்பு (தமிழகம்)

ஒரு பொறுப்பில் ஒரே ஆள் எத்தனை காலம், எத்தனை முறை இருக்கலாம் என்று வரையறுக்கும் விதி. இச்சொல் இன்று பெரும்பாலும் நாட்டுத் தலைவர்களைப் பற்றியே பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆம் திருத்தம், ஒருவர் இருமுறைக்கு மேல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுத்தது. இலங்கை தன் இருமுறை வரம்பை 2010இல் நீக்கி 2015இல் மீட்டது. இந்தியக் குடியரசுத் தலைவருக்கு அத்தகைய வரம்பு இல்லை. தமிழகத்தில் இவ்விதியின் வரலாறு ஊர்ச்சபையோடு தொடங்குகிறது.

அகநானூற்றின் 77ஆம் பாடலில், குடத்திலிருந்து ஓலை எடுப்போர் உவமையாக வருகின்றனர். குடத்தில் இட்ட பெயர் ஓலைகளிலிருந்து ஆளை எடுக்கும் குடவோலை முறையின் தொன்மைக்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. ஆயினும் பதவிக்காலம் பற்றி அப்பாடலில் குறிப்பு இல்லை.

தெளிவான சான்று உத்திரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (பொ.ஆ. 919, 921) பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊரில் குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்தும் ஆண்டுதோறும், வாரியம் எனப்பட்ட குழுக்களுக்குக் குடவோலை வழியே ஆள் எடுத்தனர். பொறுப்புக் காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரும் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் தடை இருந்தது. 919இல் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என மாறியது. விதியை நடத்திப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். பெயர் ஓலைகளை இட்ட குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார்கள். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு எடுப்பான். அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். ஓலையை மாற்றிவிட வழியில்லாதபடி ஒரு கையின் விரிப்பைக்கூட விதியாக்கிய ஊர் அது. இது பிராமணர் சபை. நிலமில்லாதவரும் பெண்களும் இதில் இல்லை. ஆகவே இதை மக்களாட்சி எனலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பின்வந்த நூற்றாண்டுகளில் சபைகள் நலிய, இவ்விதிகளும் வழக்கொழிந்தன.

பழவேற்காடு ஏரியின் பட்டினவர் குப்பங்களில் வழங்கும் ‘பாடு’ என்னும் முறை பதவியைப் பற்றியதன்று. எனினும் பதவிக்கால வரம்போடு நெருங்கிய உறவுடையது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் யாரும் நிலையாக வலை போட முடியாது. தலைக்கட்டுகளுக்குள் சீட்டெடுத்து முறை வைக்கின்றனர். முறை முடிந்ததும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு இம்முறையில் பங்கில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் (1994) ஊராட்சித் தலைவரின் பதவிக்காலத்தை ஐந்தாண்டு என்கிறது. எத்தனை முறை இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை. இடஒதுக்கீடு சுழலும்போது பழைய தலைவர் அதே ஊராட்சியில் நிற்க இயலாமல் போவதுண்டு.