பிரிட்டனில் சர்வகலாசாலை ஆராய்ச்சி மதிப்பீடு

பிரிட்டனிலுள்ள சர்வகலாசாலைகளில் நடைபெறும் ஆராய்ச்சி எத்தகைய தரமுடையது, அதனால் கல்விக்கூடத்தின் மதில்களுக்கு அப்பால் வாழும் மக்களுக்கு விளைந்த பிரயோஜனம் யாது என்னும் இரு கேள்விகளையும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, தேசம் முழுவதற்கும் பொதுவான விதிகளின்படி, அந்தந்தத் துறையில் தேர்ந்த அறிஞர்களைக் கொண்டே பரிசீலித்து, அவர்கள் கண்ட முடிவை ஆதாரமாக வைத்துப் பொதுப் பணத்தைச் சர்வகலாசாலைகளுக்குப் பங்கிடும் ஏற்பாடே ஆராய்ச்சி மதிப்பீடு எனப்படுவது. 1986-ல் முதன்முதலாக நடந்த இது, 1989, 1992, 1996, 2001, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் மாற மாறத் தொடர்ந்து, 2014-லும் 2021-லும் ‘ரிசர்ச் எக்ஸலன்ஸ் ஃபிரேம்வொர்க்’ என்ற புதிய பெயரோடும் புதிய நோக்கத்தோடும் நடைபெற்றது. அடுத்த மதிப்பீடு 2029-க்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு பகுதிகளின் நிதி ஸ்தாபனங்களும் ஒன்றுசேர்ந்து இதை நடத்துகின்றன.

இம்முறை தோன்றிய காரணம், அந்நாட்டில் ஆராய்ச்சிக்குப் பணம் வரும் வழியில் அடங்கியிருக்கிறது. இன்ன ஆராய்ச்சி, இன்ன காலத்துக்குள், இத்தனை செலவில் என்று திட்டம் வகுத்து விண்ணப்பிப்போருக்கு ஆராய்ச்சிக் கவுன்சில்கள் கொடுக்கும் நிதி ஒரு வகை. இன்னதற்கென்று நிபந்தனை விதிக்காமல் சர்வகலாசாலைக்கு ஆண்டுதோறும் மொத்தமாக அளிக்கப்படும் மானியம் மற்றொரு வகை. எந்த விண்ணப்பத்திலும் எழுதிக் காட்ட முடியாத நிலையிலுள்ள சிந்தனைகளுக்கும், நூலகத்துக்கும் பரிசோதனைச் சாலைக்கும், இளம் ஆராய்ச்சியாளர் தம் வழியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டிய அவகாசத்துக்கும் உயிர் கொடுப்பது இந்த இரண்டாவது வகைப் பணமே என்பதை நினைவிற் கொண்டால்தான், அதைப் பங்கிடும் முறையைப் பற்றி இத்தனை காலமாக இத்தனை வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்து வருவதன் நியாயம் விளங்கும்.

1919-ல் நிறுவப்பெற்ற யூனிவர்சிட்டி கிராண்ட்ஸ் கமிட்டி என்னும் மானியக் குழு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணத்தைப் பெரும்பாலும் நம்பிக்கையின் பேரிலேயே பங்கிட்டு வந்தது. மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் 1981-ல் உயர்கல்விச் செலவைச் சுருக்கியபோது, சால்ஃபோர்டு சர்வகலாசாலை தன் மானியத்தில் நாற்பது சதவிகிதத்துக்கும் அதிகமாக இழக்க நேர்ந்தது. இன்ன காரணத்தால் இவருக்கு இவ்வளவு குறைத்தோம் என்று சபையறியச் சொல்லக்கூடிய அளவுகோல் எதுவும் குழுவின் கையில் இருக்கவில்லை. அப்பின்னணியில், 1983-ல் குழுவின் தலைமையை ஏற்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் சர் பீட்டர் ஸ்வின்னர்ட்டன்-டயர், துறைகளின் ஆராய்ச்சியைத் தரம் பிரித்து அதற்கேற்பப் பணம் தருவதே, வறுமைக் காலத்தில் சிறந்த ஆராய்ச்சியைக் காக்கும் உபாயம் என்று துணிந்தார். எண்கணிதக் கோட்பாட்டில் அழியாப் பெயர் பெற்ற அவர் தொடங்கிவைத்த 1986-ஆம் ஆண்டு மதிப்பீடு, சில பக்க விவரங்களையும் ஒவ்வொரு துறையும் பொறுக்கித் தந்த சில பிரசுரங்களையும் மட்டும் பார்த்து முடிந்த எளிய காரியம்.

1992-ல் பாலிடெக்னிக்குகள் சர்வகலாசாலைப் பதவி பெற்றதும் பங்கு கேட்போர் தொகை பெருகிற்று, பரிசீலனை விரிந்தது, தரங்கள் நுணுகின. 1996-லும் 2001-லும் துறைகளுக்கு 1 முதல் 5 வரையிலும், அதற்கு மேல் நட்சத்திரமிட்ட 5 என்றும், மூன்றாம் தரத்தை மட்டும் இரண்டாகப் பிரித்தும், மொத்தம் ஏழு படிகள் வகுக்கப்பட்டன. 1996-ல் ஆராய்ச்சி ஆசிரியருள் 31 சதவிகிதத்தினரே மேலிரு படிகளைப் பெற்ற துறைகளில் இருந்தனர். 2001-ல் அது 55 சதவிகிதமாக உயர்ந்துவிட்டது. தரம் உயர்ந்ததே தவிர, பங்கிடும் பணம் அதே விகிதத்தில் உயரவில்லை. ஆகவே மேற்படிகளைக் காக்கும் பொருட்டு நான்காம் தரத்தாரின் பணத்தைக் குறைத்தார்கள். நாட்டளவில் நல்லதென்றும் சில பகுதிகளில் சர்வதேசத் தரமுடையதென்றும் நிபுணர்களே ஒப்புக்கொண்ட நான்காம் தரம், மறு ஆண்டே பொருளாதாரச் சுமையாக மாறிற்று. 2004-ல் எக்ஸிட்டர் சர்வகலாசாலை நான்காம் தரம் பெற்றிருந்த தன் ரசாயனத் துறையை மூடுவதாக அறிவித்தது. 1964-ல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கி, ஸ்டூவர்ட் ஹால் வளர்த்து, பொதுமக்கள் பண்பாட்டை ஆராயும் ஒரு புதிய இயலையே உலகுக்கு அளித்த பர்மிங்ஹாம் மையத்தின் வழிவந்த துறை, 2001-ல் மூன்றாம் தரத்தின் மேற்பிரிவை மட்டுமே பெற்றதைத் தொடர்ந்து 2002-ல் மூடப்பட்டது. ஒரு மதிப்பெண்ணின் பேரில் நாற்பதாண்டு மரபு அறுபட்டது பெரும் நஷ்டம். அளவுகோலில் பிழை இருந்ததோ இல்லையோ, அதைக் கையில் எடுத்த நிர்வாகிகளின் அவசரம் மன்னிக்கத் தக்கதன்று.

இக்குறையை உணர்ந்தே 2008-ல் துறைக்கு ஒரே தரம் என்ற முறை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு துறையின் ஆராய்ச்சியில் எத்தனை சதவிகிதம் உலகுக்கு வழிகாட்டுவது, எத்தனை சர்வதேச அளவில் மிகச் சிறந்தது, எத்தனை சர்வதேச அங்கீகாரம் பெற்றது, எத்தனை நாட்டளவில் அங்கீகாரம் பெற்றது என்று, நான்கு நட்சத்திரம் முதல் ஒரு நட்சத்திரம் வரை பிரித்துக் காட்டும் தரவரைவு வந்தது. சிறு துறையொன்றில் ஒருவரோ இருவரோ அரும்பணி ஆற்றியிருந்தால், அது மற்றவர் பணியில் கரைந்து மறையாமல் தனியே தெரிய இதனால் வழி பிறந்தது.

2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மருத்துவம் முதல் சங்கீதம், நாடகம் வரை 34 துறைப் பிரிவுகள் இருந்தன. 157 ஸ்தாபனங்கள் 76,132 ஆசிரியர்களின் பேரால் 1,85,594 ஆராய்ச்சிப் படைப்புகளைச் சமர்ப்பித்தன. அவற்றைச் சுமார் ஆயிரம் நிபுணர்கள், தனித்தன்மை, முக்கியத்துவம், ஆய்வு முறையின் கட்டுறுதி ஆகிய மூன்றையும் கருதிப் படித்துத் தீர்ப்பளித்தனர். நூலைப் படிக்காமல், அது வெளியான பத்திரிகையின் கௌரவத்தையோ, பிறர் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற கணக்கையோ வைத்து மதிப்பிடுவது சிக்கனமல்லவா என்ற எண்ணம் அரசாங்கத்துக்கு எழாமலில்லை. 2006-ல் கார்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது அவ்வழியில் திரும்பவே உத்தேசித்தார்கள்; முன்னோட்டமாகச் செய்து பார்த்ததில் அது நம்பத் தக்கதாக இல்லாமையால் கைவிட்டார்கள். பேராசிரியர் ஜேம்ஸ் வில்ஸ்டன் தலைமையில் 2015-ல் வெளிவந்த அறிக்கையும், கணக்குகள் நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாகலாமே ஒழிய அதன் ஸ்தானத்தில் அமர முடியாது என்று தெளிவாக முடிவு கூறிற்று. சரித்திரம், தத்துவம், சட்டம், இலக்கியம் முதலிய துறைகளில் மேற்கோள் கணக்கு மெய்யான மதிப்பை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை என்பதால், அவ்வறிக்கை அத்துறைகளுக்கு ஓர் அரணாகவே விளங்கிற்று.

2014-ல் புகுந்த மாபெரும் புதுமை, சமூகப் பயனையும் மதிப்பெண்ணுக்கு உட்படுத்தியது. பொருளாதாரம், சமூகம், பண்பாடு, அரசாங்கக் கொள்கை, பொதுச் சேவைகள், சுகாதாரம், சுற்றுச்சூழல், வாழ்க்கைத் தரம் ஆகிய எதிலேனும் கல்வியுலகுக்கு வெளியே ஏற்பட்ட விளைவோ, மாற்றமோ, நன்மையோ இதில் அடங்கும். மொத்த மதிப்பெண்ணில் 2014-ல் 20 சதவிகிதமும், 2021-ல் 25 சதவிகிதமும் இதற்கு ஒதுக்கப்பட்டன. 2021-ல் ஆராய்ச்சிப் படைப்புகளுக்கு 60, ஆராய்ச்சிச் சூழலுக்கு 15. ஒவ்வொரு துறையும், ஆசிரியர் தொகைக்கேற்ப, இன்ன ஆராய்ச்சியால் இன்னாருக்கு இன்ன பயன் விளைந்தது என்பதைச் சாட்சியங்களோடு விவரிக்கும் சில பக்க வரலாறுகளை எழுதித் தர வேண்டும். பயன் எவ்வளவு பரவியது, எவ்வளவு ஆழமானது என்னும் இரண்டையும், துறை அறிஞரோடு மருத்துவமனை, தொழிற்சாலை, அருங்காட்சியகம், அரசாங்க அலுவலகம் முதலியவற்றிலிருந்து வந்தோரும் ஒருங்கே அமர்ந்து எடை போடுவர். அப்பயனுக்கு அடிப்படையான ஆராய்ச்சி இரண்டு நட்சத்திரத் தரமாவது உடையதாக இருத்தல் 2014-லும் 2021-லும் அவசியமாயிருந்தது. ஆராய்ந்தவர் வேறிடம் சென்றுவிட்டாலும், அது நடந்த ஸ்தாபனத்துக்கே பயனின் பெருமை சேரும்.

இவ்விதியின் அருமையும் இடரும் ஓர் உதாரணத்தால் விளங்கும். மதுவின் விலைக்கும், குடிக்கும் அளவுக்கும், அதனால் விளையும் நோய்க்கும் மரணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஷெஃபீல்டு சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக் குழுவொன்று கணித முறையில் ஆராய்ந்தது. மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2012-ல் நிறைவேற்றியபோது இவ்வாராய்ச்சி முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாக நின்றது. மது வியாபாரிகள் வழக்குத் தொடுத்தனர். 2017 இறுதியில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த பின்னரே, 2018 மே முதல் தேதி அது அமலுக்கு வந்தது. ஆராய்ச்சி சட்டமாகி, சட்டம் வாழ்க்கையைத் தொடுவதற்கு நீதிமன்றப் படிகளே ஆறு ஆண்டுகளை விழுங்கிவிட்டன. அப்பயனிலும் ஆராய்ச்சியாளர் பங்கு எவ்வளவு, சட்டமியற்றியோர் பங்கு எவ்வளவு, பிரசாரம் செய்த மருத்துவர் பங்கு எவ்வளவு என்று பிரித்தளப்பது எளிதன்று. 2021-க்குரிய விதியோ, 2000 முதல் 2020 வரை நடந்த ஆராய்ச்சியால் 2013 ஆகஸ்டு முதல் 2020 டிசம்பர் வரை விளைந்த பயனையே கணக்கில் எடுத்தது. அதற்கு முன்னோ பின்னோ பழுத்த கனி எத்தனை இனியதாயினும் அதற்கு மதிப்பெண் இல்லை.

ஆயினும், இப்புதுமையால் கிடைத்த லாபத்தைக் குறைத்துச் சொல்வது அநியாயம். 2014-ல் சமர்ப்பிக்கப்பட்ட 6,975 வரலாறுகளில் பிரசுரிக்கத் தடையில்லாதவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரியார் அவற்றை ஆராய்ந்து, ஆராய்ச்சி பயனாகும் வழிகள் 3,709 என்று வகைப்படுத்தினர். அவ்வழிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பல துறை அறிவின் சங்கமமே ஊற்றாக இருந்ததையும் எடுத்துக்காட்டினர். வரி செலுத்தும் குடிமகன், தன் பணம் எங்கே எவ்விதம் பயன்பட்டது என்பதைப் பெயரும் ஊரும் குறித்துப் படிக்கக்கூடிய இத்தகைய திரட்டு அதற்கு முன் எந்நாட்டிலும் இவ்வளவு விரிவாகத் தோன்றியதில்லை. ஊர் மக்களோடும் மருத்துவமனைகளோடும் பள்ளிகளோடும் உழைத்துப் பதவி உயர்வின்போது புறக்கணிக்கப்பட்டு வந்த ஆசிரியர்களுக்கு, அவ்வுழைப்பும் சர்வகலாசாலைப் பணியே என்ற அங்கீகாரம் இதனால் வந்தது.

குறைகளும் கனமானவை. 2014-ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்கு 24 கோடியே 60 லட்சம் பவுனும், 2021-க்கு 47 கோடியே 10 லட்சம் பவுனும் செலவாயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பவுன் வீதம் பல ஆண்டுகளுக்குப் பங்கிடப்படும் நிதியோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதியே. ஆனால் அச்செலவின் பெரும் பகுதி ஆசிரியர்கள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அறிக்கை தயாரித்த காலத்தின் விலை. மதிப்பீடு நெருங்கும்போது பெயர் பெற்ற அறிஞர்களை அதிக ஊதியம் காட்டி இழுத்துக்கொள்வதும், மதிப்பெண் தேடித் தரமாட்டார் என்று கருதப்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து விலக்குவதும் வழக்கமாயின. லார்டு நிக்கலஸ் ஸ்டெர்ன் 2016-ல் அளித்த அறிக்கையின் பயனாக, ஆராய்ச்சிப் பொறுப்புடைய ஆசிரியர் அனைவரையும் சேர்க்க வேண்டும் என்று விதித்து, ஆளுக்கு நான்கு படைப்புகள் என்றிருந்ததைச் சராசரி இரண்டரை என்று தளர்த்தினார்கள். விலக்கும் வழக்கம் ஓரளவு நின்றது. ஆராய்ச்சிப் பொறுப்பே இல்லாத, போதிப்பதற்கு மட்டுமான பதவிகளுக்குச் சிலர் மாற்றப்படும் வேறு வழக்கம் தலைதூக்கிற்று.

எடின்பரோவில் பணியாற்றி, 1964-ல் வெளியிட்ட கோட்பாட்டுக்காக 2013-ல் நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் பீட்டர் ஹிக்ஸ், சமீபத்திய பிரசுரங்களின் பட்டியல் கேட்டுத் துறையிலிருந்து ஓலை வரும்போதெல்லாம் தாம் தர ஒன்றும் இருந்ததில்லை என்றும், தற்கால அளவுகோலின்படி தமக்கு வேலையே கிடைத்திராது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அரை நூற்றாண்டு காத்திருந்து மெய்ப்பிக்கப்பட்ட சிந்தனைக்கு ஏழாண்டுக் கணக்கேட்டில் இடமில்லை என்பது இம்முறையின் ஆதாரமான குறை. எத்தனை திருத்தங்கள் வந்தும் அது தீர்ந்தபாடில்லை.

ஹாங்காங் 1993-லும், நியூசிலாந்து 2003-லும் இதைத் தழுவிய முறைகளைத் தொடங்கின; ஆஸ்திரேலியா 2018-ல் சமூகப் பயனைத் தனியே மதிப்பிட்டது. இந்தியாவில் 1953-ல் தோன்றிய பல்கலைக்கழக மானியக் குழு பிரிட்டிஷ் குழுவின் சாயலில் அமைந்ததாயினும், ஆராய்ச்சிப் படைப்புகளை நிபுணர் குழு படித்துத் தரம் கூறும் தேசிய ஏற்பாடு இங்கே வளரவில்லை. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசை, ஆராய்ச்சியைப் பெரும்பாலும் கட்டுரைகளின் தொகை, மேற்கோள், காப்புரிமை, திட்ட நிதி ஆகிய கணக்குகளாலேயே அளக்கிறது. பிரிட்டனில் மதிப்பீட்டு அலுவலகம் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப் பட்டியல் வெளியிடுவதே இல்லை. துறைதோறும் தரவரைவை மட்டுமே வெளியிடுகிறது, வரிசை செய்வது பத்திரிகைகளின் வேலை. இந்தியர் அம்முறையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டென்றால், ஒரு துறையின் ஆராய்ச்சியை அத்துறை அறிந்தவர்கள் உட்கார்ந்து படித்துத் தீர்ப்புச் சொல்லும் அந்த வழக்கமே. மானியத்தின் பெரும் பகுதியை அத்தீர்ப்போடு பிணைப்பதை எடுத்துக்கொள்ளாதிருப்பது நலம்.