பாற்பல் சொத்தை மருத்துவத்தின் வரலாறு

குழந்தைகளின் பாற்பற்கள் மொத்தம் 20. அவற்றில் வரும் சொத்தையைப் பேச்சு வழக்கில் 'பூச்சிப்பல்' என்பர். உண்மையில் அங்கே பூச்சி ஏதும் இல்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. அரிப்பு ஆழமாகி, நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழை நெருங்கும்போது வலி எடுக்கிறது.

"விழப்போகிற பல்தானே" என்று அதைப் பிடுங்கிவிடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் கடைசிப் பாற்பல் விழ 10 முதல் 12 வயது ஆகும். பின்பக்கப் பாற்பல் முன்கூட்டியே போனால், 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அந்த இடத்திற்கு நகரும். பின்னர் வரும் பற்களுக்கு இடம் போதாமல் அவை கோணலாகும்.

பல்லைக் காக்கும் முயற்சியில் 1904இல் அமெரிக்கரான பக்லி ஃபார்மோகிரசால் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில், பற்கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி, வேர்ப்பகுதியை இம்மருந்தால் பதப்படுத்தும் முறை பரவியது. இதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதால் மாற்று மருந்துகள் மீது கவனம் கூடியது. 1990களில் வந்த எம்.டி.ஏ. என்னும் சிமெண்ட் அவற்றுள் முக்கியமானது.

சொத்தை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்ற கருத்தும் மாறியது. பற்கூழுக்கு அருகில் சிறிது சொத்தையை விட்டு, மேலே இறுக்கமாக அடைத்துவிட்டால், உணவு கிடைக்காமல் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தையைச் சுரண்டாமலே எஃகு உறையைப் பல்லின்மேல் பொருத்தினார். அம்முறை பற்றிய ஆய்வு 2006இல் வெளியானது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் சொத்தையை நிறுத்தும் வெள்ளி டையமின் ஃப்ளூரைடையும், அடைக்க உதவும் கண்ணாடி அயனோமர் சிமெண்டையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. வெள்ளி மருந்து தடவிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது தொடங்கினார். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்விக்கு 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அடித்தளம் இடப்பட்டது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு நடக்கும் பரிசோதனையில் பற்சொத்தையும் அடங்கும்.

எல்லாப் பல்லையும் காக்க இயலாது. ஈறு வீங்கிச் சீழ் கட்டி, பல்லைக் காப்பாற்ற முடியாத நிலை வந்தால் பிடுங்குவதே வழி. அப்போதும் இடங்காக்கும் கருவி உதவும். குளிர்ந்ததோ இனிப்போ பட்டுக் கூசும்போதே மருத்துவரிடம் காட்டினால் பல் பெரும்பாலும் தப்பும். இரவில் குழந்தை வலியால் எழுந்து அழுதால், பற்கூழ் பழுத்துவிட்டதற்கு அது அறிகுறி.