கண்காட்சிப் பார்வையாளர் கேலிச்சித்திரங்கள்

ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர்களைக் கிண்டல் செய்யும் அச்சுப்படங்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லண்டனிலும் பாரிஸிலும் ஏராளமாக வெளிவந்தன. கலை தெரியாத கூட்டத்தை நையாண்டி செய்தவை என்றே இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். அரசர்களும் பிரபுக்களும் மட்டும் ஓவியத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவந்த காலம் போய், ஊரே பார்க்கவும் பேசவும் தொடங்கியபோது எழுந்த சலசலப்பின் பதிவுகள் இவை.

பாரிஸில் லூவர் அரண்மனையின் சலோன் கண்காட்சி 1737 முதல் ஒழுங்காக நடந்தது, நுழைவு இலவசம். லண்டனில் 1768இல் தொடங்கிய ராயல் அகாடமி, 1780இல் தன் கண்காட்சியைச் சாமர்செட் மாளிகையின் மேல்மாடிக்குக் கொண்டுபோனது. அங்கே ஏறிச் செல்லச் செங்குத்தான வளைபடிக்கட்டுதான் வழி. 1811 வாக்கில் அச்சான தாமஸ் ரோலண்ட்சனின் புகழ்பெற்ற படத்தில் அந்தப் படிக்கட்டில் பெண்கள் ஆடை விலக ஒருவர்மேல் ஒருவராக உருண்டு விழுகிறார்கள். ஆண்களின் கண்கள் அவர்கள்மீதே இருக்கின்றன. சுவர் மாடத்தில் ஒரு வீனஸ் சிலை நிற்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. ஓவியம் பார்க்க என்று வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கேலிச்சித்திரம் மிகைப்படுத்துவது, அதை எப்படிச் சான்றாகக் கொள்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பியெட்ரோ மார்த்தினி 1785 சலோனையும் 1787 ராயல் அகாடமிக் கண்காட்சியையும் காட்டிச் செதுக்கிய அச்சோவியங்கள் கேலிக்காகச் செய்தவை அல்ல. அவற்றிலும் தரைக்குச் சற்று மேலிருந்து கூரைவரை ஓவியங்கள் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. கீழே கூட்டம் அரட்டையில் மூழ்கியிருக்கிறது. ரோலண்ட்சன் அந்த நெரிசலை ஊதிப் பெரிதாக்கினார், அவ்வளவுதான்.

இந்தக் கேலிச்சித்திரங்கள் எளியவர்களை இழிவுபடுத்தியவை என்பது இன்னும் கனமான குற்றச்சாட்டு. இதற்கு ஒனொரே தொமியேவின் படங்களே பதில். பிரான்சில் 1835ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் அரசியல் கேலிச்சித்திரத்தின் வாயை அடைத்தபின், ‘லெ ஷாரிவாரி’ இதழுக்காக நகர வாழ்க்கையைக் கல்லச்சில் வரைந்தவர் அவர். அவருடைய 1864 படமொன்றில் நடுத்தரவர்க்கப் பெண்கள் இருவர் சலோன் சுவரைப் பார்த்து, இந்த வருடமும் வீனஸ்தானா என்று அலுத்துக்கொள்கிறார்கள். முந்தைய ஆண்டு சலோனில் ஓவியர் கபனெலின் வீனஸ் ஓவியத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலைகொடுத்து வாங்கியிருந்தார். ஆடையற்ற தெய்வங்களைச் சலிக்காமல் தீட்டிய ஓவியர்களுக்கும் அவர்களைத் தூக்கிப்பிடித்த அரசவை ரசனைக்கும் அந்த அலுப்பு சரியான சூடு. பெண்களின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். வழக்கில் தோற்பவர் ஓவியர்.

எல்லாக் கேலிச்சித்திரக்காரர்களுக்கும் இந்தக் கூர்மை வாய்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1877இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற புதுப்பாணி ஓவியர்களின் கண்காட்சி வாசலில் கர்ப்பிணி ஒருவரை, உள்ளே போவது ஆபத்து என்று காவலர் தடுப்பதாகக் கேலிச்சித்திரக்காரர் ஷாம் வரைந்தார். புதிய ஓவியத்தின்மீது இருந்த வெறுப்புக்குப் பார்வையாளரைச் சாக்காக்கிய படம் அது. அதே கண்காட்சியில் தொங்கிய ரெனுவாரின் மூலேன் தெ லா கலெத் நடன ஓவியம் இன்று பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.