கரண்ட் போனா சோலாரும் படுத்துடும்! மொட்டை மாடியில் பேனல் போடும் முன் இதைப் படிங்க

நாகர்கோவில்:

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டாச்சு, இனி கரண்ட் கட்டானாலும் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு முதல் மின்வெட்டிலேயே ஷாக் காத்திருக்கிறது. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் வீட்டில் ஃபேன் ஓடாது.

பேட்டரி இல்லாத 'ஆன் கிரிட்' சோலார் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் நின்றால் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். நிற்காவிட்டால் வீட்டுக் கரண்ட் வெளியே பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இப்படி செய்து வைத்திருக்கிறார்கள். விற்கிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி சண்டை குறையும்.

மின்வெட்டுக்கும் வேண்டும் என்றால் பேட்டரி வைத்த 'ஹைபிரிட்' அல்லது 'ஆஃப் கிரிட்' போடணும். செலவு கூடும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால் 2 சீலிங் ஃபேன், 4 எல்.இ.டி. பல்பு சுமார் 5 மணி நேரம் ஓடும். மிக்சி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் இதில் ஆசைப்படக் கூடாது. பேனல் 25 வருஷம் உழைக்கும். ஆனால் ஆசிட் பேட்டரியை 4, 5 வருஷத்தில் மாற்ற வேண்டி வரும்.

யாருக்கு லாபம்?

1 கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 2 மாதத்தில் 700 யூனிட் வரை. ஏ.சி. ஓடி, 2 மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குத்தான் இது சீக்கிரம் காசைத் திருப்பித் தரும். 200 யூனிட்டுக்குள் அடங்கும் சின்னக் குடும்பம் கடன் வாங்கி சோலார் போடுவது வீண் வேலை.

பேனல் தெற்கு பார்த்து லேசாகச் சாய்ந்திருக்கணும். பக்கத்து வீட்டு தென்னை ஓலை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் இறங்கிவிடும். தூசியை காலையிலோ சாயங்காலமோ கழுவலாம். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம்.

வீட்டுக்கு காற்றாடி?

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் ராட்சத காற்றாலைகளைப் பார்ப்பவர்களுக்கு, நம்ம வீட்டு மாடியிலும் சின்னதா ஒண்ணு வெச்சா என்ன என்று தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. காற்றின் வேகம் பாதியானால் கரண்ட் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். 1 கிலோவாட் என்று எழுதியிருக்கும் காற்றாடி அந்த அளவுக்கு கரண்ட் தர, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கணும். நெருக்கமான தெருவில் அது கிடைக்காது. சுற்றிலும் 500 அடிக்குள் இருக்கும் மரம், கட்டிடத்தை விட 30 அடி உயரத்தில் இறக்கை சுத்தணும். கணவாய் ஓரம் தோட்ட வீடு வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். அங்கேயும் மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. மேகம் மூடி சோலார் குறையும் நாட்களில் இது கைகொடுக்கும் என்பது மட்டும் உண்மை.

மானியம்

2024 பிப்ரவரியில் தொடங்கி, 2026-27 நிதியாண்டு வரை என அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78 ஆயிரம் மானியம். இது சோலாருக்கு மட்டும், காற்றாடிக்குக் கிடையாது. சொந்த வீடு, சொந்தக் கூரை இருக்கணும்.  பேனலும் அதில் உள்ள செல்லும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் பணம் வரும். பில்லில் அதைத் தெளிவாக எழுதி வாங்கணும்.

திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம்தான் மாட்ட வேண்டும். 5 வருஷ பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. மின்வாரிய மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகு மானியம் நேராக வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கே வரும். 'மானியத்தை வாங்கித் தர்றேன், கமிஷன் கொடுங்க' என்று எவர் வந்தாலும் பைசா கொடுக்க வேண்டாம்.